கருவில் பட்ட பட்டினி அறுபது வயதில் நோயாக வருமா?

கேள்வி: கர்ப்பிணியாக இருக்கும்போது தாய் பட்டினி கிடந்தால், பிள்ளைக்கு ஐம்பது அறுபது வயதில் சர்க்கரை, இதய நோய் எல்லாம் வரும் என்கிறார்களே, உண்மையா? 1876-78இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தால்தான் நம் ஆட்களுக்கு இவ்வளவு சர்க்கரை நோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதை நம்பலாமா? என் அப்பா வயிற்றில் இருந்தபோது பாட்டி சாப்பாட்டுக்கே ரொம்பக் கஷ்டப்பட்டாராம். அப்பாவுக்கு இப்போது சர்க்கரை இருக்கிறது, ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்:

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. தாயின் பட்டினி பிள்ளையின் நடுவயது உடல்நலத்தைப் பாதிக்கும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. தாது வருஷக் கதைக்கு அப்படி எதுவும் இல்லை. உங்கள் அப்பாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அது தெரிந்தால், எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்று நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

கர்ப்பிணிகளைப் பட்டினி போட்டுச் சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆகவே நடந்துபோன பஞ்சங்களைத்தான் ஆராய வேண்டும். அதில் பெரிய சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான பஞ்சங்கள் மெல்ல வரும், வருஷக்கணக்கில் நீளும், மெல்லப் போகும். அடிபடுகிறவர்கள் ஏழைகள், அவர்களுக்குப் பஞ்சத்துக்கு முன்னும் சாப்பாடு போதாது, பின்னும் போதாது. பாதிப் பேர் ஊரைவிட்டே போயிருப்பார்கள். எந்தக் குழந்தை என்றைக்குப் பிறந்தது, என்ன எடை இருந்தது என்று எழுதிவைக்க ஆள் இருக்காது. இப்படி எந்தச் சிக்கலும் அதிகம் இல்லாத பஞ்சம் ஒன்று உண்டு. 1944-45இல் நெதர்லாந்தில் வந்தது. அந்த நாட்டுக்காரர்கள் அதைப் ‘பசிக் குளிர்காலம்’ என்கிறார்கள்.

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க முயன்றன. அதற்குத் துணையாக, ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்திருந்ததால் லண்டனில் தங்கியிருந்த டச்சு அரசு தன் நாட்டு ரயில் ஊழியர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. பாலம் கைக்கு வரவில்லை. பழிவாங்கும் விதமாக ஜெர்மானியர்கள் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழியை அடைத்தார்கள். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், லைடன் எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நவம்பரில் தடையைக் கொஞ்சம் தளர்த்தி, படகில் கொண்டுபோகலாம் என்றார்கள். அதற்குப் பிறகு வந்த கடுங்குளிரில் கால்வாய்களே உறைந்துபோயின.

1943 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம்காரர் ஒருவருக்கு ரேஷனில் நாளுக்குச் சுமார் 1,800 கலோரி கிடைத்தது. 1944 நவம்பர் முடிவதற்குள் அது 1,000க்குக் கீழே போனது. 1945 பிப்ரவரி கடைசியில் மேற்குப் பகுதியில் 580. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய பத்து இட்லி. காலையிலிருந்து ராத்திரிவரை அவ்வளவுதான். மக்கள் டியூலிப் கிழங்கையும், மாட்டுத் தீவனமாகப் போகும் சர்க்கரை பீட்ரூட்டையும் வேகவைத்துத் தின்றார்கள். படுக்கை விரிப்பையும் நகையையும் எடுத்துக்கொண்டு சைக்கிளிலும் நடையுமாகக் கிராமங்களுக்குப் போய், உருளைக்கிழங்குக்கு மாற்றி வந்தார்கள். டிராம் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருந்த மரக்கட்டைகளைப் பெயர்த்து அடுப்பெரித்தார்கள். கர்ப்பிணிகளுக்குத் தனியாகக் கூடுதல் உணவு கொடுத்துவந்தார்கள். பஞ்சம் உச்சத்துக்குப் போனபோது அதையும் தர முடியவில்லை. கிட்டத்தட்ட 20,000 பேர் இறந்தார்கள். 1945 மே 5இல் விடுதலை வந்தது. ஒரே மாதத்தில், ஜூனில், ரேஷன் 2,000 கலோரிக்கு மேல் ஏறிவிட்டது.

இந்தப் பஞ்சம் ஏன் ஆராய்ச்சிக்கு இவ்வளவு பயன்பட்டது என்று இப்போது புரியும். தொடக்கம், முடிவு இரண்டுக்கும் தேதி இருக்கிறது. பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் நகரம் முழுவதும் அடிபட்டது. முன்னும் பின்னும் ஓரளவு சரியான சாப்பாடு. அப்புறம், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதும் மருத்துவமனைகள் பதிவேட்டை விடவில்லை. ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா காஸ்தயிஸ் மருத்துவமனையில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் எடை, நீளம், தலைச்சுற்றளவு, நஞ்சுக்கொடியின் எடைகூட எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேறுகால நர்சுகளை நினைத்தால் எனக்கு நிஜமாகவே மரியாதை பொங்கும். பசியோடு நின்று அவர்கள் எழுதிய எண்களை வைத்துத்தான், 1943 நவம்பர் முதல் 1947 பிப்ரவரி வரை அங்கே பிறந்த 2,414 பேரை ஐம்பது வருஷம் கழித்துத் தேடி, அவர்களில் வர முடிந்தவர்களைப் பரிசோதித்தார்கள். டெசா ரோஸ்பூம் என்ற ஆராய்ச்சியாளர் இந்த வேலையில் முக்கியமானவர்.

பிறந்த தேதி தெரிந்தால், பஞ்சம் வந்தபோது அந்தக் கரு எத்தனையாவது மாதத்தில் இருந்தது என்று கணக்கிடலாம். இந்த ஆராய்ச்சியின் முழு பலமும் அதில்தான் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தில் மாட்டிய குழந்தைகள் 200, 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் முதல் மூன்று மாதம் மட்டும் தாய் பட்டினி கிடந்து, பிறகு நன்றாகச் சாப்பிட்ட வீட்டுக் குழந்தைகள் எடை குறையாமல் பிறந்தன. சராசரியில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. தராசில் வைத்துப் பார்த்த யாரும் ‘குழந்தை நல்ல ஆரோக்கியம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஐம்பது வயதில் நிலைமை வேறாக இருந்தது. அதே முதல் மூன்று மாதக் கூட்டத்தில் 8.8 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய். பஞ்சத்தைப் பார்க்காதவர்களில் அது 3.2 சதவீதம். கெட்ட கொழுப்பும் இவர்களுக்கு அதிகம். பெண்களிடம் உடல் பருமனும் அதிகம். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் மாட்டியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசிவதும், மூச்சுக்குழல் அடைப்பு நோயும் கூடுதலாகத் தெரிந்தன. நடுவிலும் கடைசியிலும் மாட்டியவர்களுக்குக் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை அளவு இறங்காமல் நின்றது. அதில் மோசமான நிலை யாருக்கு என்றால், ஒல்லியாகப் பிறந்து, பெரியவரானதும் குண்டானவர்களுக்கு.

எல்லா மாதத்துப் பட்டினியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. உறுப்பு எந்தக் கட்டத்தில் உருவாகிக்கொண்டிருந்ததோ, அந்த உறுப்புக்கு அடி. சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் எத்தனை என்பது கர்ப்பத்தின் 36ஆவது வாரத்தோடு முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. உணவு குறைந்து நெஃப்ரான்கள் குறைவாக அமைந்தால், இருப்பவை கூடுதலாக உழைத்துத் தேயும், ரத்த அழுத்தம் ஏறும். இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களின் அடித்தளமும் பெரும்பாலும் கருவிலும் முதல் சில வருஷங்களிலுமே அமைகிறது. கிடைக்கிற கொஞ்சத்தைக் கரு மூளைக்குத் திருப்பிவிடும். தசைக்கும் கல்லீரலுக்கும் கணையத்துக்கும் மிச்சம்தான். இந்தச் சிக்கன உடம்பைப் பற்றி இங்கிலாந்தின் டேவிட் பார்க்கரும் ஹேல்ஸும் 1992இல் கருத்து முன்வைத்தபோது மருத்துவ உலகில் கடும் எதிர்ப்பு. டச்சுப் பதிவேடுகள் வந்த பிறகு அந்த எதிர்ப்பு வெகுவாகத் தணிந்தது.

மனநலத்தையும் விட்டுவிடக் கூடாது. 1970களில் ஜீனா ஸ்டைன், மெர்வின் சசர் குழுவினர் ராணுவச் சேர்க்கைக்கு வந்த டச்சு இளைஞர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, அறிவுத்திறன் தேர்வில் எந்தக் குறைவும் தெரியவில்லை. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததைப் பின்னால் கண்டார்கள். ‘டச்சுக்காரர்களுக்கு மட்டும் நேர்ந்த தற்செயலாக இருக்கலாமே’ என்று கேட்டவர்களுக்குச் சீனாவிலிருந்து பதில் வந்தது. 1959-61 பெரும்பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட அன்ஹுய் மாகாணத்தின் வூஹு பகுதியில், 1959இல் பிறந்தவர்களில் 0.84 சதவீதம் பேருக்கு அந்த நோய். 1960இல் பிறந்தவர்களில் 2.15 சதவீதம். இரண்டு நாடு, இரண்டு இனம், வேறு வேறு உணவு, ஒரே மாதிரி விடை.

பிறந்த பிறகு பஞ்சத்தைப் பார்த்தவர்களும் தப்பவில்லை. அந்தக் குளிர்காலத்தில் குழந்தைகளாகவும் பதின்வயதினராகவும் இருந்த டச்சுப் பெண்கள் 7,800 பேருக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கடும் பட்டினி பட்டதாகச் சொன்னவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, பட்டினி படாதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். ஓரளவு பட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு, ஆனாலும் இருந்தது.

இந்த இடத்தில் எதிர்த்திசையில் போகும் சான்றையும் வைக்க வேண்டும். பலர் இதைச் சொல்லாமல் தாண்டிப்போகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை ஜெர்மானியர்கள் சூழ்ந்து அடைத்த முற்றுகை டச்சுப் பஞ்சத்தைவிடக் கொடூரமானது. 1941 நவம்பர் 20இலிருந்து டிசம்பர் 25 வரை, உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாளுக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் பாதி மாவு இல்லை, கலப்படம். அங்கே கருவில் இருந்து தப்பியவர்களை 1990களில் பரிசோதித்தால், சர்க்கரை நோய் கூடுதலாக இல்லை! ஏன்? எல்லோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் விளக்கம் இது: நெதர்லாந்தில் பஞ்சம் முடிந்த கையோடு வளமான சாப்பாடு வந்துவிட்டது. லெனின்கிராடில் முற்றுகைக்கு முன்பும் சாப்பாடு சுமார், பின்பும் வருஷக்கணக்கில் சுமார். பற்றாக்குறைக்கு என்று தயாரான உடம்பு பற்றாக்குறையிலேயே வளர்ந்தது. பற்றாக்குறைக்குத் தயாரான உடம்பு தாராளத்தில் போய் விழும்போதுதான் நோய் வருகிறது. சீனாவிலும் கருவில் பஞ்சம் பார்த்து, பிறகு இறைச்சி, மென்பானம் என்று மேற்கத்திய உணவுக்கு மாறியவர்களிடம்தான் சர்க்கரை அளவு அதிகமாக ஏறியிருந்தது. 1866-68 பின்லாந்துப் பஞ்சத்தில் பிறந்து உயிர்பிழைத்தவர்களின் ஆயுள், மற்றவர்களின் ஆயுளைவிடக் குறையவில்லை. அந்தக் காலத்துப் பின்லாந்தில் தாராளம் ஏது?

சீன ஆராய்ச்சிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன, பத்திரிகைகளும் அடிக்கடி எடுத்துப் போடுகின்றன. பலவற்றில் அடிப்படைப் பிழை இருக்கிறது. 1960இல் பிறந்தவர்களை 1963இல் பிறந்தவர்களோடு ஒப்பிட்டு, ‘பஞ்சத்தில் பிறந்தவர்களுக்குச் சர்க்கரை அதிகம்’ என்கிறார்கள். பரிசோதித்த அன்றைக்கு முதல் கூட்டத்துக்கு வயதும் அதிகம்தானே. வயது ஏறினால் சர்க்கரை நோய் தானாகவே கூடும். பஞ்சத்துக்கு முன் பிறந்தவர்களையும் பின் பிறந்தவர்களையும் சேர்த்துவைத்து ஒப்பிட்டால், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. 2017இல் லி, லூமே என்ற ஆராய்ச்சியாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். மேலே நான் சொன்ன வூஹு ஆய்வு மனச்சிதைவைப் பற்றியது. அது இந்தப் பிழைக்குள் வராது.

இன்னொரு சிக்கல், உயிர்பிழைத்தவர்கள் யார் என்பது. பஞ்சத்தின்போது நெதர்லாந்தின் மேற்கில் பாதிப் பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோனது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகளும் பாதியாகக் குறைந்தன. அந்த நிலையிலும் கர்ப்பமானவர்கள் கொஞ்சம் வலுவான உடம்புக்காரர்களாகவோ, எங்கிருந்தோ கொஞ்சம் உணவு கிடைத்தவர்களாகவோ இருந்திருப்பார்கள். அதோடு, பசியை மட்டும் தனியாகப் பிரிக்கவும் முடியாது; குண்டுவீச்சு, பயம், கணப்பு மூட்ட விறகில்லாத குளிர் எல்லாம் சேர்ந்துதான் வந்தன. இதற்கு ஓரளவு பரிகாரமாக லூமேயின் குழு, பஞ்சத்தில் கருவானவரை அவருடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு ஒப்பிட்டது. ஒரே தாய், ஒரே வீடு, கருவான காலம் மட்டும் வேறு. அப்படிப் பார்த்தபோதும் சர்க்கரையும் கொழுப்பும் கூடுதலாகவே இருந்தன.

சந்தேகம் இருந்தவர்களையும் யோசிக்கவைத்த ஆய்வு 2024இல் வந்தது. உக்ரைனில் 1932-33இல் ஸ்டாலின் ஆட்சியில் திணிக்கப்பட்ட பஞ்சத்தில் சுமார் 39 லட்சம் பேர் இறந்தார்கள். 1930 முதல் 1938 வரை அங்கே பிறந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை, 2000-08இல் சர்க்கரை நோய் என்று பதிவான 1,28,225 பேரின் விவரத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1934இன் முதல் பாதியில் பிறந்தவர்களுக்கு, அதாவது 1933 நடுவில் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கர்ப்பத்தின் தொடக்கக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு, சர்க்கரை நோய் இரண்டு மடங்குக்கும் மேல். பஞ்சம் கடுமையாக இருந்த மாகாணங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. மற்ற மாதங்களில் பிறந்தவர்களிடம் அந்த அளவு ஏற்றம் இல்லை. இங்கேயும் கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள்தான் சிக்கியிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். நைஜீரியாவில் பியாஃப்ரா உள்நாட்டுப் போர்ப் பஞ்சத்தின்போது கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களுக்கு, நாற்பது வயதிலேயே ரத்த அழுத்தம் கணிசமாகக் கூடியிருந்ததையும் எனுகு நகரில் கண்டிருக்கிறார்கள்.

சரி, சில மாதப் பசியை உடம்பு அறுபது வருஷம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது? மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அதன்மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறிகள் ஒட்டியிருக்கும்; எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அவை கட்டுப்படுத்தும். 2008இல் ஹெய்மன்ஸ் குழு, கருவாகும் சமயத்தில் பஞ்சத்தில் மாட்டிய 60 பேரின் ரத்தத்தைப் பார்த்தது. வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்-2 என்ற மரபணுவில் அந்தக் குறிகள், அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு. கடைசி மாதங்களில் மாட்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இது முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனால் இதிலிருந்து ‘பசி மரபணுவில் பதிந்து தலைமுறை தலைமுறையாக வருகிறது’ என்று தாவுவது தப்பு. குறிகள் அப்படி அமைந்த கருக்கள்தான் பஞ்சத்தில் பிழைத்தன என்ற விளக்கமும் சமமாக நிற்கிறது. அதே ஆராய்ச்சியாளர்களில் சிலரே அதை எழுதியிருக்கிறார்கள்.

இப்போது தாது வருஷத்துக்கு வருவோம்.

1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தை எப்படி உலுக்கியது என்று நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கதையாக இருக்கிறது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு அதோடு ஓரணா. மண் சுமக்கிற ஆளுக்கு அது உயிர் பிடித்துவைக்கக்கூடக் காணாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். நிவாரண வேலையாக வெட்டியதில் பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதியும் சேரும். அந்தக் கொடுமை நடந்தது, அதற்குக் காலனி ஆட்சி பொறுப்பு. எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தக் கொடுமைதான் இன்றைக்கு நாற்பது வயதுக்காரரின் சர்க்கரை நோய்க்குக் காரணம் என்பது வேறு வாதம். அதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

கர்ப்பிணி ஒருத்தி பட்டினி கிடந்தால் அவளுக்கும் அடி, வயிற்றுக் குழந்தைக்கும் அடி. அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால், அவளுடைய கருமுட்டைகள் அப்போதே அவளுக்குள் உருவாகிவிடுகின்றன; ஆகவே நாளைய பேரப்பிள்ளையும் ஒருவகையில் அந்தப் பசியை நேரடியாகப் பார்த்துவிட்டது. மூன்று தலைமுறை நேரடித் தாக்கம் என்பது இதுதான். பரம்பரையாகக் கடந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொள்ளுப்பேரப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும். மனிதர்களில் அப்படி உறுதியாக யாரும் காட்டவில்லை. டச்சுப் பேரப்பிள்ளைகளைப் பற்றிய முடிவுகளே ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. 1877இலிருந்து இன்றைக்கு ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. அப்போது கருவில் இருந்தவர்களுக்கு 1927இல் ஐம்பது வயது. அவர்களை யாரும் வரிசையாக உட்காரவைத்துப் பரிசோதிக்கவில்லை. பஞ்சத்தில் பிழைத்தவர்களின் மரபணுவே மாறிவிட்டது என்பதற்கும் இவ்வளவு சின்ன இடைவெளி போதாது.

இன்னொரு கணக்கும் இடிக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பார்த்தபோது நகரங்களில் சர்க்கரை நோய் சுமார் 2 சதவீதம். அதே குழுமத்தின் ஆய்வாக 2023இல் வெளிவந்ததில் நாடு முழுவதும் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. கண்டறியும் அளவுகோல் மாறியிருக்கிறது, உண்மைதான்; அதைக் கழித்தாலும் பெரிய ஏற்றம். தாது வருஷம் 1970க்கும் முன்னால்தானே இருந்தது? இடையில் மாறியது நம் தட்டும், நம் உட்கார்ந்த வேலையும்.

அப்படியென்றால் நமக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அது பஞ்சத்தின் வழியாக வரவில்லை, அன்றாடப் பற்றாக்குறையின் வழியாக வருகிறது. புனே அருகே ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கி டாக்டர் யாக்னிக் தலைமையில் தாய்மார்களையும் பிள்ளைகளையும் பின்தொடர்கிறார்கள். அந்தக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை, தசை, வயிற்று உறுப்பு எல்லாம் சிறியவை. ஆனால் முதுகுத் தோலைக் கிள்ளி அளந்தால், அடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட குறையவில்லை! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. யாக்னிக் தன்னையே உதாரணமாக வைத்ததும் பிரபலம். அவருக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினுக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2.

அந்தத் தாய்மார்களில் மூன்றில் இரண்டு பேருக்கு பி12 சத்து குறைவு. பி12 குறைந்து, ஃபோலேட் மட்டும் உயர்ந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி. வயிறு நிறைந்ததா என்பதோடு முடிவதில்லை விஷயம். சோறு நிறைய இருந்து பால், முட்டை, மீன், பருப்பு இல்லாத தட்டும் கருவுக்கு ஒருவகைப் பட்டினிதான்.

என் ஆதங்கம் இதில்தான். டச்சு, உக்ரைன் ஆய்வுகள் இரண்டும் குறிப்பாகத் தொடக்க மாதங்களைக் கைகாட்டுகின்றன. நம் ஊரில் கர்ப்பிணிக்குச் சத்துமாவு, இரும்புச்சத்து மாத்திரை, மகப்பேறு உதவித்தொகை எல்லாம் இருக்கின்றன. நல்ல திட்டங்கள், காப்பாற்றப்பட வேண்டியவை. ஆனால் அவை கைக்கு வருவது, நாள் தள்ளிப்போய், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்த பிறகு. அதற்குள் எட்டு, பத்து வாரம் ஓடிவிடுகிறது. அந்த வாரங்களுக்கான சத்து, கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் உடம்பில் இருந்தாக வேண்டும். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு, குழம்பில் மிஞ்சியதைத் தொட்டுக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பெண்ணின் தட்டைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

காசாவிலும் சூடானிலும் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் கருவாகிப் பிறக்கும் குழந்தைகளின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் 2075 வாக்கில்தான் முழுதாகத் தெரிந்துகொள்ள முடியும். உணவு லாரிகளை எல்லையில் நிறுத்தி வைக்கிறவர்கள் அந்த வருஷத்துக்கும் பொறுப்பாளிகள்.

கடைசியாக உங்கள் அப்பா. பாட்டி பட்ட கஷ்டத்துக்கு இதில் பங்கு இருக்கலாம். ‘அதனால்தான் வந்தது’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. மேலே சொன்ன 8.8 சதவீதத்தை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பஞ்சத்தில் மாட்டியவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேருக்கு ஐம்பது வயதில் இதய நோய் இல்லை. இந்த எண்கள் கூட்டத்துக்குச் சொல்வது, தனி ஆளுக்கு எழுதிய ஜாதகம் கிடையாது. அப்பாவின் வேலை, உணவு, புகைப்பழக்கம், தூக்கம், குடும்பத்தில் வேறு யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் சேர்ந்துதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்.

சிகிச்சையும் இதனால் மாறாது. அதே மாத்திரை, அதே நடை, அதே உணவுக் கட்டுப்பாடு. மருத்துவரிடம் போகும்போது, பிறக்கும்போது எடை குறைவு என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள். சிறுநீரில் அல்புமின் பரிசோதனை வருஷத்துக்கு ஒருமுறை செய்கிறார்களா என்று பாருங்கள். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் வேண்டியதுதான், அவருக்குக் கூடுதல் கவனம் நல்லது. அதே கஷ்ட காலத்தில் பிறந்த அத்தை, சித்தப்பா யாராவது இதுவரை பார்க்காமல் இருந்தால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒல்லியாக இருக்கிறோம், நமக்கு வராது என்று அவர்கள் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

பாட்டியைப் பற்றிப் பேசும்போது ‘அவங்க ஒழுங்கா சாப்பிடாததால வந்தது’ என்ற வார்த்தை மட்டும் வீட்டில் யார் வாயிலும் வர வேண்டாம். இருந்ததை மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் பட்டினி கிடந்திருப்பார்.